மெசேஜ் போகவில்லை, மேப்பில் கடை இல்லை, ஆட் காசு கரைகிறது: சிறு கடைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சோதனைக்கு இரண்டு பொருள் வேண்டும்: கடை எண்ணைச் சேமித்திராத இன்னொரு போன், ஒரு நோட்டு. கடைக்காரரின் சொந்த போனில் எல்லாம் நன்றாகவே தெரியும், அதனால் அதில் பார்த்ததை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் காரணங்கள் காசு செலவில்லாததில் தொடங்கி, செலவு கூடும் வரிசையில் இருக்கின்றன. வரிசையைத் தாண்ட வேண்டாம். “அல்காரிதம் மாறிடுச்சு” என்பதை எல்லாம் பார்த்து முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

## கோளாறு 1: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பாதிப் பேருக்குப் போவதில்லை

பிராட்காஸ்ட் என்பது ஒரே மெசேஜை லிஸ்ட்டில் உள்ள எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்புவது. அப்படி அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து ‘தகவல்’ பகுதியைத் திறங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பெயரோடு வரும். அடுத்தடுத்த மூன்று பிராட்காஸ்ட்டுகளுக்கு இதைப் பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள்.

மூன்றிலும் அதே ஆட்களுக்குத்தான் போகவில்லை என்றால்

பெரும்பாலும் அவர்கள் உங்கள் எண்ணைச் சேமிக்கவில்லை. நீங்கள் அவர்கள் எண்ணைச் சேமித்தால் மட்டும் போதாது. அவர்கள் போனிலும் உங்கள் எண் இருந்தால்தான் பிராட்காஸ்ட் இறங்கும். வாடிக்கையாளர் முதல்முறை விலை கேட்கும்போதே, பதிலோடு கடையின் கான்டாக்ட் கார்டையும் அனுப்பி, “ஆடித் தள்ளுபடி விவரம் வரணும்னா இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க” என்று ஒரு வரி போடுங்கள். ‘சேவ் பண்ணுங்க’ என்று மட்டும் சொன்னால் யாரும் செய்வதில்லை. அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும்.

லிஸ்ட்டில் ஆள் சேரவில்லை என்றால்

ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். அடுத்த லிஸ்ட் போடுங்கள். ‘லிஸ்ட் 2’ என்று பெயர் வைப்பதைவிட ‘மொத்த வியாபாரிகள்’, ‘திருப்பூர் பக்கம்’ என்று பிரித்து வைத்தால், யாருக்கு எதை அனுப்புவது என்ற குழப்பமும் தீரும்.

ஒற்றை டிக்கோடு நிற்கிறது என்றால்

ஒருவருக்கு மட்டும் என்றால் போன் அணைந்திருக்கலாம், எண் மாறியிருக்கலாம், அல்லது உங்களை பிளாக் செய்திருக்கலாம். பிளாக் செய்ததை வாட்ஸ்அப் நேரடியாகச் சொல்லாது. ஒரு வாரத்துக்கு மேல் ஒற்றை டிக் என்றால் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றவருக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் அடுத்த தலைப்பில் உள்ளது நடக்கும்.

கணக்கே முடங்கிவிட்டது என்றால்

முதலில் போனில் இருப்பது அசல் செயலியா என்று பாருங்கள். ‘ஜிபி வாட்ஸ்அப்’ போன்ற மாற்றுச் செயலிகளில் ஓடிய கணக்கை வாட்ஸ்அப் முடக்கும். அதை நீக்கி, பிளே ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப் பிசினஸை நிறுவுங்கள். அசல் செயலிதான் என்றால், காரணம் விலைக்கு வாங்கிய எண் பட்டியலாகவோ ‘பல்க் சென்டர்’ மென்பொருளாகவோ இருக்கும். பெறுபவர்கள் ‘ரிப்போர்ட்’ அழுத்தியதன் விளைவு அது. திரையில் வரும் மறுபரிசீலனை பொத்தானை அழுத்திக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்பவரிடம் பணத்தையும் இழக்க வேண்டாம்.

*எப்போது ஆள் வேண்டும்:* ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் செயலி போதாது, மென்பொருள் வழியே அனுப்பும் வாட்ஸ்அப் ஏபிஐ வேண்டும். அதை அமைத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. 2025 ஜூலை 1 முதல் அதில் ஒவ்வொரு விளம்பர மெசேஜுக்கும் தனித்தனிக் கட்டணம். மெசேஜ் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். நான்கைந்து லிஸ்ட்டில் அடங்குகிற கடைக்கு இது வீண் செலவு.

## கோளாறு 2: போர்டில், விசிட்டிங் கார்டில் உள்ள லிங்க் அல்லது க்யூஆர் திறக்கவில்லை

இதைக் கடைக்காரர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. தன் கடை க்யூஆரைத் தானே யாரும் ஸ்கேன் செய்து பார்ப்பதில்லையே. இரண்டாவது போனில் ஸ்கேன் செய்யுங்கள்.

வாட்ஸ்அப் லிங்க் ‘எண் தவறு’ என்று சொன்னால், ‘டபிள்யூஏ டாட் எம்ஈ’ என்பதற்கும் சாய்கோட்டுக்கும் பிறகு வரும் இலக்கங்களை எண்ணுங்கள். 91, அதோடு ஒட்டி உங்கள் பத்து இலக்கம், ஆக மொத்தம் 12. நடுவில் ஒரு பூஜ்யம் நுழைந்து 13 ஆகியிருப்பதுதான் வழக்கமான தவறு. கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் வேண்டாம்.

‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடியும் முகவரி கார்டில் இருந்தால், அது இனி திறக்காது. கூகுள் இலவசமாகக் கொடுத்த அந்தத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. வாட்ஸ்அப் லிங்க்கோ மேப் லிங்க்கோ போட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

க்யூஆர் ஸ்கேன் ஆகிறது, ஆனால் ‘உங்கள் சந்தா முடிந்தது’ என்று வேறு ஏதோ தளம் வருகிறதா? இலவசம் என்று சொன்ன தளத்தில் ‘டைனமிக்’ வகை க்யூஆர், அதாவது அவர்கள் தளத்தின் வழியே சுற்றிப் போகும் வகை, எடுத்திருக்கிறீர்கள். சோதனைக் காலம் முடிந்ததும் அவர்கள் அதை அணைத்துவிடுகிறார்கள். இரண்டே வழி: சந்தா கட்டுவது, அல்லது லிங்க் நேரடியாகப் பதிந்திருக்கும் ‘ஸ்டேட்டிக்’ வகையில் புதிதாக எடுத்து போர்டில் மாற்றி ஒட்டுவது. ஒட்டும் செலவுதான் குறைவு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குள்ளேயே கடைக்கான க்யூஆர் இருக்கிறது. அதற்குக் காலாவதி கிடையாது.

## கோளாறு 3: ஆட் பார்த்து நிறையப் பேர் கேட்கிறார்கள், வாங்குவதில்லை

இங்கேதான் அதிகக் காசு போகிறது, தவறான இடத்தில் கை வைப்பதும் இங்கேதான். ஆட்டை (விளம்பரத்தை) மாற்றும் முன் நோட்டை எடுங்கள். வந்த கடைசி 30 சாட்களைத் திறந்து, பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று குறியுங்கள். பதில் வருமுன் போனவர். விலை கேட்டதும் போனவர். கூரியர் கட்டணம் கேட்டதும் போனவர். பணம் கட்டும் இடத்தில் போனவர். நான்கு கட்டம் போதும், ஒவ்வொரு ஆளுக்கும் அவர் போன கட்டத்தில் ஒரு கோடு. எந்தக் கட்டத்தில் கோடு அதிகமோ அங்கே பாருங்கள்.

பதில் வருமுன் போனவர்கள் அதிகம் என்றால்

உங்கள் முதல் பதில் எத்தனை மணிக்குப் போனது? இரவு ஒன்பதுக்குக் கேட்டவருக்கு மறுநாள் பதினொன்றுக்குப் பதில் போயிருந்தால் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். வாட்ஸ்அப் பிசினஸில் ‘அவே மெசேஜ்’ (நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில்) போடுங்கள். ‘நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்ற வாசகம் யாரையும் நிறுத்தி வைக்காது. விலையும் ஒரு கேள்வியும் அதில் இருக்கட்டும். சென்னிமலைப் போர்வை விற்பவர் என்றால் இப்படி:

“வணக்கம்ங்க. டபுள் சைஸ் போர்வை 950 ரூபாய், தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் 80 ரூபாய். கலர் எல்லாம் கேட்லாக்ல இருக்குதுங்க. எந்த ஊருக்கு அனுப்பணும்ங்க?”

கடைசியில் இருக்கும் அந்த ஊர்க் கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் சொன்னவர் பாதி வாங்கிவிட்டார்.

‘கிரீட்டிங் மெசேஜ்’ வேறு. அது முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப வருபவருக்கும் மட்டும் போகும். அதனால் பழைய வாடிக்கையாளருக்கு அது போகவில்லை என்பது கோளாறு இல்லை.

கடைப் பையன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் பார்க்கிறான், திடீரென்று வெளியேறிவிடுகிறது என்றால், மூல போன் 14 நாளாகத் திறக்கப்படவே இல்லையா என்று பாருங்கள். போனை லாக்கரில் வைத்துப் பூட்டுகிற கடைகளில் இது நடக்கும்.

விலை கேட்டதும் போனவர்கள் அதிகம் என்றால்

ஆட்டில் விலை இல்லை. விலையை மறைத்தால் மெசேஜ் கூடும், அவ்வளவுதான். ஒவ்வொரு மெசேஜுக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். படத்தின் மேலேயே விலையைப் போடுங்கள். மெசேஜ் எண்ணிக்கை குறையும், பயப்பட வேண்டாம். விலை போட்டும் இதே கட்டத்தில் கோடு விழுந்தால், விலையையோ ஆட்டைப் பார்க்கும் ஆட்களையோதான் மாற்ற வேண்டும்.

கூரியர் கேட்டதும் போனவர்கள் அதிகம் என்றால்

ஆட் எந்த ஊருக்கு ஓடுகிறது என்று பாருங்கள். பதிவைக் காசு கட்டி ஆட்டாக ஓட்டும் ‘பூஸ்ட்’ பொத்தானை அவசரத்தில் அழுத்தியவர்கள் ‘தமிழ்நாடு’ என்றோ, சமயத்தில் ‘இந்தியா’ என்றோ விட்டிருப்பார்கள். கடைக்கு நேரில் வரும் வியாபாரம் என்றால் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுப்பதும் போதாது, சுற்றளவு அகலமாகவே நிற்கும். மேப்பில் கடை இருக்கும் இடத்தில் பின் குத்தி, வாடிக்கையாளர் உண்மையில் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாரோ அந்த அளவுக்குச் சுருக்குங்கள். மளிகைக்கும் நகைக்கும் அந்தத் தூரம் ஒன்றாக இருக்காது.

பணம் கட்டும் இடத்தில் போனவர்கள் அதிகம் என்றால்

நீங்கள் அனுப்பியது க்யூஆர் படம். அது அவர் போனிலேயே கிடக்கிறது. அதை வேறு எந்த போனால் ஸ்கேன் செய்வது? கேலரியிலிருந்து எடுக்கத் தெரியாதவர்கள் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். யுபிஐ முகவரியை எழுத்தாக அனுப்புங்கள், நகலெடுத்து ஒட்டிக்கொள்வார்கள். கட்டினால் எந்தப் பெயர் திரையில் வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கடைப் பெயரை நம்பி வந்தவர், திரையில் அறிமுகமில்லாத ஆள் பெயரைப் பார்த்தால் கை நின்றுவிடும்.

கோடு எல்லாக் கட்டத்திலும் பரவலாக இருந்தால்

இப்போதுதான் ஆட்டின் அமைப்பைத் தொட வேண்டும். மெட்டாவின் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் நிறுவனம்) ஆட் தொகுப்பு, கடைசியாகப் பெரிய மாற்றம் செய்த பிறகு ஒரு வாரத்துக்குள் சுமார் 50 பலன்கள் (இங்கே மெசேஜ்கள்) கிடைத்தால்தான், யாருக்குக் காட்டலாம் என்று கற்றுக்கொள்ளும் ‘லேர்னிங்’ நிலையைத் தாண்டி நிலைபெறும். ஒரு மெசேஜுக்கு 20 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 1,000 ரூபாய் வேண்டும். தினம் 50 ரூபாய் போட்டால் அது நடக்கவே நடக்காது. அதைவிடக் கெடுதல், தினம் காலையில் ஆட்டைத் திறந்து வயதையும் ஊரையும் மாற்றுவது. பெரிதாக மாற்றும் ஒவ்வொரு முறையும் லேர்னிங் முதலிலிருந்து தொடங்கும். ஒரு வாரம் கை வைக்காமல் விடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போட்டி கூடி விலை ஏறும் என்பதால் புதுச் சோதனைகளை அப்போது செய்ய வேண்டாம், ஆனி மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

*எப்போது ஆள் வேண்டும்:* மேலே உள்ளதெல்லாம் சரியாக இருந்து, மாத ஆட் செலவு, ஏஜென்சிக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிட மூன்று நான்கு மடங்காவது இருந்தால். 5,000 ரூபாய் ஆட்டுக்கு 10,000 ரூபாய் ஏஜென்சிக் கட்டணம் கொடுப்பதில் கணக்கு உதைக்கும்.

## கோளாறு 4: ஆட் ஓடவில்லை, நிராகரிப்பு அல்லது பணம் போகவில்லை

நிராகரிக்கப்பட்டது என்றால் வாசகத்தைப் படியுங்கள். “உங்களுக்குச் சர்க்கரை நோயா?”, “தொப்பையால் அவதியா?” என்று படிப்பவரின் உடல்நிலையைச் சுட்டும் கேள்வியை மெட்டா ஏற்காது. ‘முன்னால், பின்னால்’ படங்களும் அப்படியே. செக்கு எண்ணெய், சிறுதானியம், மூலிகைப் பொடி விற்பவர்கள் மாட்டுவது இதில்தான். நோய் தீரும் என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்த எள், எந்த மரச்செக்கு, எந்தத் தேதியில் ஆட்டியது என்று எழுதுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றமும்கூட. ஆகவே மெட்டா விட்டாலும் எழுதக் கூடாது. வாசகம் சுத்தமாக இருந்தும் நிராகரித்தால் மறுபரிசீலனை கேளுங்கள். ஆட்டை நகலெடுத்துத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், கணக்கே முடங்கும்.

பணம் போகவில்லை என்றால் கார்டில் தானாகப் பிடிக்கும் முறை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த எஸ்எம்எஸ் யார் போனுக்குப் போகிறது? யுபிஐ மூலம் முன்பணமாகக் கட்டும் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டிய காசைவிடக் குறைவாக ஓடுகிறது என்றால் அது கோளாறு இல்லை, 18 சதவீத ஜிஎஸ்டி. முன்பணத்தில் வரியும் அடக்கம் என்றால் 1,000 ரூபாயில் ஆட்டுக்குப் போவது 847 ரூபாய் சொச்சம். ஜிஎஸ்டி எண் இருப்பவர்கள் அதை ஆட் கணக்கில் பதிந்து, பில்லை ஆடிட்டரிடம் கொடுங்கள். ஐபோன் செயலிக்குள்ளேயே பூஸ்ட் செய்பவர்கள் பில்லில் ஆப்பிளின் கட்டணம் தனியாகச் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உலாவி வழியே செய்தால் அது வராது.

## கோளாறு 5: கூகுள் மேப்பில் கடை வரவில்லை

கடைப் பெயரைத் தேடினாலே வரவில்லை என்றால், கடை உங்களுடையதுதான் என்று கூகுள் செய்யும் சரிபார்ப்பு பெரும்பாலும் இன்னும் முடியவில்லை. இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறது. வெட்டாமல், ஒட்டாமல் ஒரே ஓட்டமாக, 30 விநாடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகை அல்லது பக்கத்துக் கடையில் தொடங்கி, உங்கள் போர்டு, உள்ளே சரக்கு, கடைசியாகக் கடை உங்களுடையது என்பதற்குச் சான்று. ஷட்டர் பூட்டைத் திறப்பதோ கல்லாப்பெட்டியைத் திறப்பதோ போதும். தெருவைக் காட்டாத வீடியோ திரும்பி வரலாம்.

வேறு யாரோ உரிமையாளராக இருக்கிறார் என்றால் பெரும்பாலும் முன்பு போட்டுக்கொடுத்த பையனின் மின்னஞ்சல்தான் அது. ‘உரிமை கோரு’ என்று விண்ணப்பியுங்கள். அவருக்கு மூன்று நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரும்.

பெயரைத் தேடினால் வருகிறது, பொருளைத் தேடினால் வரவில்லை என்றால் முதலில் அந்தத் தேடலை எங்கிருந்து செய்தீர்கள்? கடைக்குள் நின்று தேடினால் உங்கள் கடைதான் முதலில் நிற்கும், தூரமும் கணக்கில் வருகிறதே. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவரைத் தேடச் சொல்லுங்கள். அங்கே வரவில்லை என்றால் முதன்மை வகையைப் பாருங்கள். சில்லறைக்குத் துணி விற்பவர் ‘உற்பத்தியாளர்’ என்று போட்டிருந்தால் புடவை தேடுபவருக்கு ஏன் வரும்? அடுத்து நேரம்: மதியச் சாப்பாட்டுக்கு மூடுவதை நேரமாகப் போட்டிருந்தால் அந்த நேரத்துத் தேடலில் பின்னுக்குப் போகும். அதற்கும் அடுத்துதான் ரிவ்யூ.

ரிவ்யூவுக்குப் பரிசோ தள்ளுபடியோ தருவது கூகுள் விதிக்கு எதிரானது. கேட்பதில் தவறில்லை. பில் போடும் இடத்தில் ரிவ்யூ க்யூஆர் வைத்து, “எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரி போடுங்கக்கா” என்றால் போதும்.

இருந்த கடை காணாமல் போய்விட்டது என்றால் பெயரில் எதையாவது சேர்த்தீர்களா? போர்டில் ‘முருகன் ஸ்டோர்’ என்று இருக்க, மேப்பில் ‘முருகன் ஸ்டோர் குறைந்த விலை சுங்குடிப் புடவை சின்னாளபட்டி’ என்று நீட்டினால் முடக்குவார்கள். முதலில் பெயரைப் போர்டில் உள்ளபடி மாற்றுங்கள், பிறகு மேல்முறையீடு. படிவத்தைத் திறந்த பிறகு சான்றுகளைச் சேர்க்க 60 நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே ஜிஎஸ்டி சான்று, வணிக உரிமம், கடை முகவரி உள்ள மின் கட்டண ரசீது மூன்றையும் ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொண்டே திறங்கள். மூன்றிலும் முகவரி ஒன்றுபோல் இருக்கிறதா என்று முன்னதாகப் பாருங்கள்.

*எப்போது ஆள் வேண்டும்:* மேல்முறையீடும் தோற்று, ஆவணத்தில் முகவரிகள் முரண்படும்போது. அப்போதும் முதலில் போக வேண்டியது ஆடிட்டரிடம். ‘மேப் எஸ்இஓ’ (தேடலில் கடையை மேலே கொண்டுவரும் சேவை) விற்பவரால் அந்த முரண்பாட்டைத் தீர்க்க முடியாது.

## கோளாறு 6: ரீல்ஸ் பார்வை விழுந்துவிட்டது, அல்லது சத்தம் போய்விட்டது

இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்’ திறந்து, உங்கள் பதிவுகள் பரிந்துரைக்கத் தகுதியானவையா என்று பாருங்கள். சிவப்பாக ஏதும் இருந்தால் அந்தப் பதிவை நீக்குங்கள். எல்லாம் பச்சை என்றால், கடைசி 30 நாளில் பிறர் வீடியோவை எத்தனை முறை எடுத்துப் போட்டீர்கள் என்று எண்ணுங்கள். பத்து முறையோ அதற்கு மேலோ என்றால் கணக்கைப் புதியவர்களுக்குக் காட்டுவதை நிறுத்துவோம் என்று இன்ஸ்டாகிராம் 2024இலேயே சொல்லிவிட்டது. பண்டிகை போஸ்டர் ஆப்பில் லோகோ மட்டும் மாற்றிப் போடும் பொங்கல் வாழ்த்துக்கும் பெரிய பலன் கிடையாது. தெருவில் உள்ள எல்லாக் கடையும் அதே கரும்பு, அதே பானையைப் போட்டிருக்கும்.

சத்தம் போய்விட்டது என்றால் பாட்டு காரணம். பிசினஸ் கணக்குக்குத் திரைப்பாடல்களின் வணிக உரிமை கிடையாது. கிரியேட்டர் கணக்காக மாற்றினால் பாட்டு லிஸ்ட்டில் தெரியும், ஆனால் விற்பனைக்குப் பயன்படுத்தும் உரிமை அப்போதும் வராது. மெட்டாவின் இலவச இசைத் தொகுப்பை எடுங்கள். அதைவிட நல்லது தறிச் சத்தம், செக்குச் சத்தம், எண்ணெயில் முறுக்கு விழும் சத்தம். அதற்கு யாரும் உரிமை கேட்க மாட்டார்கள்.

## கோளாறு 7: பக்கம் கைமாறிவிட்டது

இதில் மட்டும் வரிசை வேறு, ஏனென்றால் நேரம் ஓடுகிறது. முதலில் வங்கி: ஆட் கணக்கோடு இணைத்த கார்டை முடக்குங்கள். திருடியவர் செய்யும் முதல் வேலை உங்கள் காசில் தன் ஆட்டை ஓட்டுவது. பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். பிறகு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களின் ‘ஹேக்ட்’ பக்கத்தில் மீட்கும் படிகள். முன்பு பயன்படுத்திய அதே போனில், அதே இணைப்பில் செய்தால் அடையாளம் உறுதியாவது எளிது.

வாட்ஸ்அப் போயிருந்தால் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் போடுங்கள். திருடியவர் உடனே வெளியேற்றப்படுவார். அவர் இரட்டைச் சரிபார்ப்புக்கான ‘பின்’ எண் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் ஆகும், ஆனால் அவரும் உள்ளே இருக்க முடியாது. அந்த ஏழு நாளும் “கடை எண்ணிலிருந்து பணம் கேட்டு வந்தால் அனுப்ப வேண்டாம்” என்று கடை வாசலிலும் மற்றப் பக்கங்களிலும் போட்டு வையுங்கள்.

கைமாறியது எப்படி என்றும் பாருங்கள். “பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் நீக்கப்படும்” என்று வந்த லிங்க்கை அழுத்தியிருந்தால் அது பொறி. உண்மையான அறிவிப்பு என்றால் இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியின் ‘சமீபத்திய மின்னஞ்சல்கள்’ பட்டியலிலும் இருக்கும். அங்கே இல்லாததைத் திறக்கவே வேண்டாம்.

திருட்டே இல்லாமல் பக்கம் போவதும் உண்டு. ஆட் கணக்கை ஏஜென்சி தன் பெயரில் தொடங்கியிருக்கும். சண்டை வந்தால் பக்கம், பழைய ஆட் விவரம், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் அவர்களோடு போய்விடும். இப்போதே பிசினஸ் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். முழுக் கட்டுப்பாடு உங்கள் பெயரிலும் வீட்டில் இன்னொருவர் பெயரிலும் இருக்க வேண்டும், ஏஜென்சிக்கு ‘பார்ட்னர்’ அனுமதி மட்டும். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்துக்கும் அசையவில்லை என்றால் அது வக்கீல் நோட்டீஸ் விடும் நேரம்.